போய் வருகிறேன்: கியோட்டோவிலிருந்து சில சனிக்கிழமைகள்

ஏப்ரல் 19, சனிக்கிழமை: ஃபுஷிமி இனாரி

கியோட்டோவுக்கு வந்து இது மூன்றாவது வாரம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை முழுவதும் ஜப்பானிய மொழி வகுப்பு, பிற்பகலில் வீட்டுப்பாடம், ஞாயிற்றுக்கிழமை ஒரு பேரங்காடியில் பொருள்களை அடுக்கி வைக்கும் பகுதிநேர வேலை என்று வாரம் நிரம்பிவிடுகிறது. மாணவர் விசாவில் வாரத்துக்கு 28 மணி நேரம் வரை வேலை செய்ய அனுமதி உண்டு. ஊர் சுற்றுவதற்கு எனக்குக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அந்தச் சனிக்கிழமைகளை இங்கே எழுதி வரலாம் என்று இருக்கிறேன்.

காலையில் கிளம்பும்போது விடுதிக் காப்பாளர் அம்மா வாசலில் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். வகுப்பில் கற்றபடி அவரிடம் ‘இத்தெகிமஸ்’ என்றேன். ‘இத்தெராஷ்ஷாய்’ என்று பதில் வந்தது. ‘இத்தே’ என்றால் போய், ‘கிமஸ்’ என்றால் வருகிறேன். போய் வருகிறேன் என்கிறோம், போய் வாருங்கள் என்கிறார்கள். கும்பகோணத்தில் எங்கள் வீட்டில் யாராவது ‘போறேன்’ என்று சொல்லிப் படியிறங்கினால், பாட்டி தெருவரை வந்து கூப்பிட்டு, ‘போயிட்டு வரேன்னு சொல்லிட்டுப் போ’ என்பார். அதே சொல்லை இவ்வளவு தூரத்தில், அதே வாசற்படியில் நின்று சொல்வேன் என்று நான் நினைத்ததில்லை. ஆனால் சென்செய் (ஆசிரியரை இங்கே இப்படித்தான் அழைக்க வேண்டும், பெயர் சொல்வதில்லை) ஒரு வேறுபாட்டைச் சொல்லியிருக்கிறார். நாம் திரும்பி வரப்போகும் இடத்தில் மட்டுமே, அதாவது சொந்த வீட்டிலோ அலுவலகத்திலோதான், இதைச் சொல்ல வேண்டும். கடையிலிருந்தோ பிறர் வீட்டிலிருந்தோ கிளம்பும்போது சொன்னால் சிரிப்பார்களாம். நமக்கு அந்தக் கணக்கே கிடையாது. எந்த வீட்டுக்குப் போனாலும் போய் வருகிறோம்.

கியோட்டோ நிலையத்திலிருந்து இரண்டாவது நிறுத்தம் இனாரி. இறங்கியதும் எதிரிலேயே கோயிலின் முதல் செந்நிறத் தோரி நிற்கிறது. தோரி என்பது ஷிண்டோ கோயில்களின் கதவில்லாத நுழைவாயில். 711இல் தோன்றியதாகச் சொல்லப்படும் இந்தக் கோயிலின் பின்னால் இருக்கும் 233 மீட்டர் உயரக் குன்று முழுவதும் ஆயிரக்கணக்கான தோரிகள் தோளோடு தோள் ஒட்டி நிற்க, அவற்றின் ஊடாக நடப்பது நீண்ட செங்குகைக்குள் நடப்பதைப் போல இருக்கிறது. இனாரி நெல்லுக்கு உரிய தெய்வம், பின்னாளில் வணிகத்துக்கும் காவல். அவரது தூதர்களான கல் நரிகள் வாயில் களஞ்சியத்தின் சாவியையோ நெற்கதிரையோ கவ்வியபடி வழியெங்கும் உட்கார்ந்திருக்கின்றன.

ஏறும்போது தூண்கள் வெறும் சிவப்பாகத்தான் தெரிந்தன. பாதிவழியில் மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தபோதுதான், ஒவ்வொரு தூணின் பின்புறத்திலும் கறுப்பு எழுத்துகள் இருப்பதைக் கண்டேன். ஒரு தூணில் கொடுத்தவரின் பெயரும் இன்னொரு தூணில் நாளும் இருந்தன. உபயம்! நம் கோயில்களில் குழல் விளக்கின் வெளிச்சத்தையே மறைக்கும்படி ‘உபயம்’ என்று பெயர் எழுதுவதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. இங்கே அந்தப் பெயர்கள் கும்பிட்டுவிட்டு இறங்குகிறவர் கண்ணில் மட்டுமே படுகின்றன என்பதை நாகரிகம் என்று சொல்லத் தோன்றியது. பெயர்களை என்னால் வாசிக்க முடியவில்லை, ஆண்டுகளை முடிந்தது. இங்கே ஆண்டுகளைப் பேரரசர்களின் ஆட்சிக் காலப் பெயரால் எண்ணுகிறார்கள். ரெய்வா ஆண்டு என்றால் 2018ஐயும், ஹெய்செய் என்றால் 1988ஐயும், ஷோவா என்றால் 1925ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும். ஹெய்செய் 23 என்றால் 2011, ரெய்வா 4 என்றால் 2022 என்று கூட்டிக்கொண்டே இறங்கினேன். வெள்ளிக்கிழமைத் தேர்வில் மூன்று தப்பு செய்த அதே கணக்குதான்.

மே 10, சனிக்கிழமை: ஊஜி

பொன் வாரம் என்று இங்கே அழைக்கப்படும் தொடர் விடுமுறை முடிந்து கூட்டம் குறைந்திருக்கும் என்று நம்பி ஊஜிக்குப் போனேன். குறைந்திருக்கவில்லை. பச்சை நிறத்தில் விற்கக்கூடிய அனைத்தையும், பனிக்கூழ் முதல் நூடுல்ஸ் வரை, தேயிலைத் தூளைக் கலந்து விற்கும் தெருவில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டியிருந்தது.

பியோதோயின் கோயிலின் பீனிக்ஸ் மண்டபம் 1053இல் கட்டி முடிக்கப்பட்டது. குளத்தின் நடுவே சிறகு விரித்து உட்கார்ந்த பறவையைப் போன்ற இந்தக் கட்டடத்தைப் பார்க்காத ஜப்பானியர் இருக்க முடியாது, ஏனென்றால் பத்து யென் செப்புக் காசின் முன்புறத்தில் இருப்பது இதுதான். என்னைப் போலவே பலரும் காசை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உள்ளே ஜோச்சோ என்ற சிற்பி செதுக்கிய அமிதா புத்தரைச் சுற்றிச் சுவர்களில் மேகங்களின் மீதேறி இசைக்கருவிகளை வாசித்தும் ஆடியும் வணங்கியும் நிற்கும் 52 சிறு போதிசத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலரை அருங்காட்சியகத்தில் மிக அருகில் நின்று பார்க்கலாம், மண்டபத்தைவிட அங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன்.

ஆனால் ஊஜியில் என்னை உட்கார வைத்தது தேநீர். ஆற்றை ஒட்டிய ஒரு சிறிய கடையில் கியோகுரோ என்ற இலைத் தேநீரைத் தாங்களே ஊற்றிக் குடிக்கும்படி தட்டில் வைத்துத் தருகிறார்கள். கடைக்கார அம்மா கொதித்த நீரை முதலில் ஒரு வெறும் கிண்ணத்தில் ஊற்றினார். அதை இன்னொரு கிண்ணத்துக்கு மாற்றினார். பிறகு அந்தக் கிண்ணத்தை என் உள்ளங்கையில் வைத்து, ‘சூடு தாங்க முடிகிற பக்குவம் வந்ததா?’ என்று கேட்டார். ஐம்பது, அறுபது பாகை வரை நீர் ஆறிய பிறகுதான் இலையின் மீது ஊற்ற வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து, கெண்டியைக் கவிழ்த்து, கடைசிச் சொட்டு விழும் வரை கையை அசைக்காமல் பிடித்திருக்கச் சொன்னார். மொத்தத்தில் வந்தது இரண்டு மடக்கு. நுரை பொங்க ஆற்றித் தரும் கும்பகோணம் டிகிரி காபியில் வளர்ந்த எனக்கு அந்த அளவைப் பார்த்ததும் கொஞ்சம் ஏமாற்றம். நாக்கில் பட்டபோது அது தேநீராகவே தெரியவில்லை. கசப்பே இல்லாமல், கெட்டியான பருப்புத் தண்ணீரைப் போல ஓர் ஆழ்ந்த ருசி நாக்கில் தங்கியது.

காரணத்தையும் அவரே சொன்னார். நான் பாதியைச் சொற்களிலும் மீதியைக் கையசைவிலும் புரிந்துகொண்டேன். பறிப்பதற்கு முன் மூன்று வாரங்களைப் போலத் தோட்டத்துக்கு மேலே பந்தலிட்டு வெயிலை மறைக்கிறார்கள். இலையில் இருக்கும் தியானின் என்ற பொருள் வெயிலில் துவர்ப்புப் பொருளாக மாறிவிடும். நிழலில் அந்த மாற்றம் குறைவதால் ருசி அப்படியே நிற்கிறது. மாச்சா என்ற தேயிலைத் தூளுக்கும் இதே நிழல்தான், ஆனால் அந்த இலையை உருட்டாமல் உலர்த்தி, நரம்புகளை நீக்கி, கல் திரிகையில் அரைக்கிறார்கள். ஒரு மணி நேரம் அரைத்தால் கிடைப்பது நாற்பது கிராம் அளவுதான். கடைசியில் ஊறிய இலைகளின் மீது சில சொட்டுப் புளிப்புச் சாற்றை விட்டு அவற்றையும் சாப்பிடச் சொன்னார். கீரைதான், நல்ல கீரை.

மதியச் சாப்பாட்டுக்கு மீண்டும் பழைய சண்டை. ‘நிகு வா தபேமசேன்’, இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று சொன்னால் மீன் வருகிறது. மீனும் வேண்டாம் என்றால் மீன் தெரியாத குழம்பு வருகிறது. அந்தக் குழம்பின் அடிநீரான தாஷியில், கட்சுஓ மீனைப் புகையிட்டுக் காயவைத்துச் சீவிய சீவல் ஊறியிருக்கும். சோபா நூடுல்ஸைத் தொட்டுக்கொள்ளும் சாறும் அதில்தான் செய்கிறார்கள். கொம்பு என்ற கடற்பாசியில் செய்த தாஷி என்றால் எனக்குச் சம்மதம். கியோட்டோவில் பிறந்த வேதியியலாளர் இகெதா கிகுனாயே 1908இல் ஐந்தாவது சுவையான ‘உமாமி’யைக் கண்டறிந்ததே அந்தக் கடற்பாசிச் சாற்றிலிருந்துதான். இத்தனையும் விளக்க என்னிடம் இருப்பதோ நான்காம் பாடத்து ஜப்பானியம். கடைசியில் ஓனிகிரி என்ற சோற்று உருண்டைகள் இரண்டை வாங்கிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்தேன். அவற்றில் ஒன்றை வாசித்துப் பார்க்காமல் வாங்கியிருந்தேன்; அதில் மீன் இருந்தது. பருந்து ஒன்று பார்த்துக்கொண்டிருந்தது.

மே 31, சனிக்கிழமை: கோபே

வகுப்புத் தோழனான நேபாளத் தம்பி என்னை ‘திதி’ (அக்கா) என்றுதான் அழைப்பான். உணவுப் பொருள் வாங்க அவன் கோபேக்குக் கிளம்பியபோது நானும் சேர்ந்துகொண்டேன். துறைமுக நகரம் என்பதால் வெகுகாலமாக இந்திய வணிகர்கள் வாழும் ஊர் இது. ஜப்பானின் முதல் பள்ளிவாசல் 1935இல் இங்கேதான் எழுந்தது, ஒரு சமணக் கோயிலும் உண்டு. துவரம் பருப்பும் பெருங்காயமும் கிடைத்துவிட்டதால் மற்றவற்றை அவசரமாகத்தான் பார்த்தோம்.

ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். மெரிக்கன் பூங்காவின் ஓரத்தில் பழைய துறையின் அறுபது மீட்டர் நீளப் பகுதியை, 1995 ஜனவரி 17 அதிகாலை 5.46க்கு வந்த நிலநடுக்கம் எப்படி விட்டுச்சென்றதோ அப்படியே வைத்திருக்கிறார்கள். பிளந்த கற்பாளங்கள் கடல்நீருக்குள் சரிந்திருக்கின்றன, விளக்குக் கம்பங்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்து நிற்கின்றன. 6,400க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2015 நிலநடுக்கத்தை ஏழாம் வகுப்புப் பையனாகப் பார்த்த தம்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 7, சனிக்கிழமை: நாரா

நாரா மான்களைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை என்பதால் சுருக்கமாக முடித்துவிடலாம் என்றிருந்தேன். மான்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

கசுகா கோயிலின் தெய்வம் வெள்ளை மானின் மீதேறி வந்ததாக நம்பிக்கை. அதனால் ஊருக்குள்ளும் பூங்காவுக்குள்ளும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காட்டு மான்கள் எவருடைய அனுமதியும் இன்றி நடமாடுகின்றன. தவிட்டு மாவில் சுட்ட மான் பிஸ்கட் ஒரு கட்டு இருநூறு யென். அதைக் கையில் வைத்திருந்தால் மான் தலையைத் தாழ்த்தி வணங்குகிறது, கொடுக்கத் தாமதித்தால் மறுபடி வணங்குகிறது, மேலும் தாமதித்தால் கடிக்கிறது. ஜூன் மாதம் குட்டி ஈனும் காலம், தாய் மான்களை நெருங்காதீர்கள் என்று எழுதியிருந்த எச்சரிக்கைப் பலகையை அகராதி இல்லாமல் முழுவதும் வாசித்து முடித்த பெருமிதத்தில் நான் நின்றிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு மான் என் துணிப்பையிலிருந்து திங்கட்கிழமை கொடுக்க வேண்டிய கஞ்சித் தாளை உருவிக்கொண்டது. (சீன எழுத்துகளுக்கு ஜப்பானியத்தில் கன்ஜி என்று பெயர், என் நாக்கில் அது முதல் நாளிலிருந்தே கஞ்சிதான்.) பிடுங்குவதற்குள் பாதி உள்ளே போய்விட்டது.

இதை எப்படிச் சொல்வது என்று ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். இதுவரை ஜப்பானிய இலக்கணம் எனக்குப் பிறந்தகம் போலவே இருந்தது. வினை கடைசியில் வருகிறது, வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. ‘தபேதெ மிரு’ என்றால் சாப்பிட்டுப் பார், ‘கத்தெ ஒகு’ என்றால் வாங்கி வை. நம் வினையெச்சமும் துணைவினையும் வரிசை மாறாமல் அங்கே இருப்பதால், வியட்நாம் தோழி தலையைப் பிடித்துக்கொள்ளும் பாடத்தில் நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தது. ஆனால் இந்த வாரம் வந்த ‘துன்பச் செயப்பாட்டுவினை’ என்னைக் கீழே இறக்கிவிட்டது. மான் என் வீட்டுப்பாடத்தைத் தின்றுவிட்டது என்பதை இவர்கள் ‘நான் மானால் வீட்டுப்பாடத்தைத் தின்னப்பட்டேன்’ என்ற அமைப்பில் சொல்கிறார்கள். தின்னப்பட்டது தாள், ஆனால் வாக்கியத்தில் எழுவாய் அடிபட்ட நான். தமிழில் இதற்கு இடமில்லை, உதாரணம் மட்டும் கைவசம் இருக்கிறது.

தோதய்ஜி கோயிலின் பெரிய புத்தர் கிட்டத்தட்ட 15 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கிறார். 747 முதல் 749 வரை, கீழிருந்து மேலாக எட்டுக் கட்டங்களில் வெண்கலத்தை ஊற்றி எழுப்பினார்கள். எங்கள் ஊருக்கு அடுத்த சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்து மண் பூசி உருக்கி வார்ப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அங்கே சிலை முழுவதும் ஒரே வார்ப்பில் வெளிவரும். இங்கே ஒரு வரிசையை ஊற்றி, ஆறவிட்டு, சுற்றிலும் மண்ணை மலையாகக் குவித்து, அதன் மீது நின்று அடுத்த வரிசையை ஊற்றியிருக்கிறார்கள். 1180லும் 1567லும் போர்த் தீயில் மண்டபம் எரிந்தது. இப்போதைய தலை பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் செய்தது. பீடத்துத் தாமரை இதழ்கள் சிலவற்றில் மட்டும் எட்டாம் நூற்றாண்டின் கோட்டோவியங்கள் இன்னும் இருக்கின்றன. மண்டபமும் 1709இல் மீண்டும் எழுந்தபோது அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிட்டது. இழந்த பிறகும் 57 மீட்டர் அகலம்.

நான் இங்கே வந்தது இந்தப் புத்தரின் கண்ணைத் திறந்தவருக்காக. 752இல் நடந்த கண்திறப்பு விழாவில் தூரிகையைப் பிடித்துக் கருவிழியை வரைந்தவர் போதிசேனர் என்ற இந்தியத் துறவி. 736இல் ஜப்பானுக்கு வந்து 760இல் இங்கேயே மறைந்த அவரைப் பழைய ஆவணங்கள் ‘தென் இந்தியப் பிராமணர்’ என்றே குறிக்கின்றன. எந்த ஊர் என்பதைப் பற்றி நம்மவர்கள் பலவாறு உரிமை கோருவதுண்டு, எனக்குத் ‘தென்’ என்ற ஒரு சொல்லே போதும். அவர் பிடித்த தூரிகையில் நீண்ட இளநீலப் பட்டுக் கயிற்றைக் கட்டி, கூடியிருந்தவர்கள் அதைப் பற்றிக்கொண்டு தாங்களும் கண் திறந்த புண்ணியத்தைப் பெற்றார்களாம். அந்தத் தூரிகையும் கயிறும் மண்டபத்துக்குப் பின்னால் இருக்கும் ஷோசோயின் கருவூலத்தில் இன்றுவரை காக்கப்பட்டு வருகின்றன. தேர்வடத்தைத் தொட்டுவிட்டுக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அந்தக் கயிறு அந்நியமாகத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில், நிலையத்தில் ஒரு சிறுமி எழுத்து அட்டையை வைத்துப் பாடிக்கொண்டிருந்தாள். அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. இந்த ‘ஹ’ பழைய ஜப்பானியத்தில் ‘ப’ ஆக ஒலித்தது என்று சென்செய் சொல்லியிருந்தார். அதை அதன் இடத்தில் வைத்துப் பாருங்கள்: க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. நம் அரிச்சுவடியில் சில எழுத்துகளைத் தாண்டிப் படித்தால் வருவது இதே வரிசை. ஹேயான் காலத்தில் (794 முதல் 1185 வரை) சமஸ்கிருத எழுத்துகளைப் பயின்ற பௌத்தத் துறவிகள், தொண்டையில் தொடங்கி உதடு வரை வரும் இந்திய ஒலி வரிசையைத் தங்கள் மொழிக்கு அமைத்துக்கொண்டார்கள். மொழியியலாளர் ஓனோ சுசுமு தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்றே வாதிட்டார், மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. நானும் வாதத்துக்கு வரவில்லை. அகராதியில் ஒரு சொல்லைத் தேடும்போது என் விரல் தானாகச் சரியான பக்கத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு யாருக்கு நன்றி சொல்வது என்று தெரிந்துகொண்டதில் மகிழ்ச்சி.

ஜூன் 21, சனிக்கிழமை: ஹிமெஜி

ஹிமெஜிக் கோட்டைக்கு வெள்ளைக் கொக்குக் கோட்டை என்று ஒரு பெயர் உண்டு. 1609இல் இகெதா தெருமாசா கட்டி முடித்த இந்தக் கோட்டை 1945இன் குண்டுவீச்சில் ஊர் எரிந்தபோதும் தப்பி நின்றது. சுவர்கள் மட்டும் வெள்ளையல்ல. கூரை ஓடுகளின் இணைப்புகளிலும் சிக்குயி என்ற சுண்ணாம்புச் சாந்தைப் பூசியிருப்பதால், கீழிருந்து பார்க்கும்போது கூரையே வெளுத்துத் தெரிகிறது. சுண்ணாம்புடன் சணல் நாரையும் கடற்பாசிப் பசையையும் சேர்த்துக் குழைத்த அந்தச் சாந்து தீயையும் மழையையும் தாங்கும்.

வாசலில் காலணியைக் கழற்றி ஒரு பையில் போட்டுக் கையில் சுமந்துகொண்டு, ஏணியைப் போலச் செங்குத்தான மரப்படிகளில் ஆறு தளங்கள் ஏற வேண்டும். அடித்தளத்திலிருந்து உச்சி வரை இரண்டு பெருந்தூண்கள் எழுகின்றன. 1956 முதல் 1964 வரை நடந்த பெரும் பழுதுபார்ப்பில் மேற்குத் தூணை மாற்ற வேண்டியிருந்தது. அவ்வளவு நீளமான ஒற்றை மரத்தைக் கொண்டுவரும் வழியில் அது முறிந்துவிடவே, இரண்டு மரங்களை மூன்றாம் தளத்தில் இணைத்து நிறுத்தினார்கள். அந்த இணைப்பு இருக்கும் இடத்தைத் தடவிப் பார்க்க எல்லோரும் வரிசையில் நிற்கிறார்கள்.

மழை நாள். திரும்பும் ரயிலில் தூங்கி, கியோட்டோவில் பதறி இறங்கிய பிறகுதான் குடையைக் காணவில்லை என்று தெரிந்தது. காப்பாளர் அம்மா கொடுத்த குடை அது. தொலைந்த பொருள் முகப்பில், ‘குடையை மறந்துவிட்டேன்’ என்பதற்குரிய ‘வசுரெதெ ஷிமாய்மஷ்தா’ என் வாயிலிருந்து யோசிக்காமலேயே வந்தது. ‘விட்டேன்’ என்று நாம் சேர்க்கும் அதே இடத்தில் அவர்கள் ‘ஷிமாய்மஷ்தா’வைச் சேர்க்கிறார்கள், அதே வருத்தத்தோடு. அதன் பிறகு கேள்விகள் தொடங்கின. என்ன நிறம், கைப்பிடி நேரானதா வளைந்ததா, எத்தனை மணி ரயில், முன்னிருந்து எத்தனையாவது பெட்டி, உட்கார்ந்தது எந்தப் பக்கம்? கைப்பிடி வளைந்தது என்பதற்குச் சொல் தெரியாமல் விரலைக் கொக்கியாக்கிக் காட்டினேன். அவர் அதே விரலைக் கொக்கியாக்கி, அதற்குரிய சொல்லை இரண்டு முறை மெதுவாகச் சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார். செவ்வாய்க்கிழமை குடை கிடைத்துவிட்டது.

ஜூலை 12, சனிக்கிழமை: கோயா மலை

சென்ற ஞாயிறு, ஜூலை 6 அன்று, ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் நான்காம் நிலையை எழுதினேன். கேட்டல் பகுதியில் ஓர் ஆண் எந்தப் பேருந்தில் ஏறினான் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதை மறக்கும் பொருட்டு, வேலைக்கு ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, முதல் முறையாக இரவு தங்கும்படி கிளம்பினேன்.

ஒசாகாவின் நம்பாவிலிருந்து புறப்படும் ரயில், சமவெளி முடிந்ததும் மலைக்குள் வளைந்து வளைந்து ஏறி, ‘சொர்க்கப் பாலம்’ என்ற பொருள்படும் கோகுராகுபாஷி நிலையத்தில் நிற்கிறது. அங்கிருந்து கம்பிவட ரயில் ஐந்து நிமிடத்தில் மேலே இழுத்துச் செல்கிறது. 800 மீட்டர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த தட்டில் 117 கோயில்கள் கொண்ட ஊர். சீனாவுக்குச் சென்று தாந்திரிக பௌத்தமும் சமஸ்கிருதமும் கற்றுத் திரும்பிய கூகாய் என்ற துறவி 816இல் பேரரசரின் அனுமதி பெற்று நிறுவியது. கியோட்டோவில் புழுக்கத்தில் வெந்துகொண்டிருந்தவளுக்கு இங்கே மாலையில் மேல்சட்டை தேவைப்பட்டது.

ஊருக்குள் நுழையும் முன் பேருந்து நியோனின்தோ என்ற சிறிய மண்டபத்தைக் கடக்கிறது. பெண்கள் மண்டபம் என்று பொருள். இந்த மலைக்குள் பெண்கள் நுழையக் கூடாது என்ற தடை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இருந்தது. ஏழு நுழைவாயில்களிலும் இருந்த இத்தகைய மண்டபங்கள் வரைதான் அவர்கள் வரலாம். 1872இல் அரசு தடையை நீக்கிய பிறகும் நடைமுறை மாற மேலும் பல ஆண்டுகள் ஆயின. எஞ்சியிருப்பது இந்த ஒரு மண்டபம்தான். அந்தக் காலத்துப் பெண்கள் மலை விளிம்பை ஒட்டிய பாதையில் சுற்றி வந்து, மரங்களின் இடையே தெரிந்த இடத்திலிருந்து கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்களாம். பேருந்திலிருந்து இறங்கி, அந்த மண்டபத்தில் ஒரு ஊதுவத்தியை ஏற்றிவிட்டு, மீதி வழியை நடந்தே ஊருக்குள் போனேன்.

தங்கியது ஒரு கோயிலில். இரவு ஆறு மணிக்கு அறைக்கே வந்த சிறுமேசையில், எள்ளையும் குஸு மாவையும் கிண்டிச் செய்த எள் தோஃபு, குளிரில் உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபு, காய்கறி தெம்புரா, காளான் சாறு, சோறு. துறவிகளின் சமையலில் இறைச்சியோ மீனோ கிடையாது, பூண்டும் வெங்காயமும்கூட இல்லை. தாஷி கொம்புவிலும் காளானிலும் செய்தது. நூறு நாட்களில் முதல் முறையாக, ஒரு கேள்வியும் கேட்காமல் ஒரு வேளை சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிட்டேன். இலையில் போட்ட விரதச் சமையலைப் போல உப்பும் மட்டாகவே இருந்தது. சோற்றை இரண்டாம் முறை கேட்கலாமா என்று தயங்கினேன், பிறகு கேட்டேன்.

ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை: ஒகுனோயின்

காலைப் பூசை முடிந்ததும் ஒகுனோயினுக்கு நடந்தேன். முதல் பாலத்திலிருந்து கூகாயின் சமாதி வரை இரண்டு கிலோமீட்டர், இருபுறமும் வானத்தை மறைக்கும் சுகி என்ற ஊசியிலை மரங்கள், அவற்றின் அடியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட நினைவுக் கற்கள். ஒருவரையொருவர் அழித்த போர்த்தலைவர்கள் பாசி படிந்து பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். நிறுவனங்களும் நினைவுக்கல் வைத்திருக்கின்றன: ஒன்று ராக்கெட் வடிவம், ஒன்று காபிக் கோப்பை. கறையான் ஒழிப்புத் தொழிலினர் தாங்கள் கொன்ற கறையான்களுக்காக நட்ட கல்லில் ‘கறையான்களே, அமைதியாக உறங்குங்கள்’ என்று எழுதியிருக்கிறது. அது முழுவதும் ஒலிகளை மட்டும் குறிக்கும் எளிய கானா எழுத்து என்பதால் நின்ற இடத்திலிருந்தே வாசித்துவிட்டேன்.

கற்களில் மிகுதியானவை ஐந்தடுக்குக் கோபுர வடிவம். கீழே கனசதுரம், அதன் மேல் உருண்டை, கூம்பிய கூரை, அரைவட்டம், உச்சியில் மொட்டு. ஒரு கல்லின் அருகில் குனிந்து, பாசியை விரலால் மெல்ல ஒதுக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு அடுக்கிலும் ஓர் எழுத்து. அவை கஞ்சியும் இல்லை, கானாவும் இல்லை. சித்தம் என்ற பழைய இந்திய எழுத்து: அ, வ, ர, ஹ, க. அவை குறிப்பவை நிலம், நீர், நெருப்பு, காற்று, ஆகாயம். நாங்கள் பள்ளியில் ஒப்பித்த அதே வரிசையில் அடியிலிருந்து முடி வரை அடுக்கி, அதற்குக் கீழே ஒரு மனிதரைப் புதைத்திருந்தார்கள்.

835இல் கூகாய் இறக்கவில்லை, சமாதியில் தியானத்தில் இருக்கிறார் என்பது இங்கே நம்பிக்கை. அதனால் நாள்தோறும் காலை ஆறு மணிக்கும் பத்தரைக்கும் அவருக்கு உணவு போகிறது. பத்தரை மணிக்கு வெள்ளைப் பெட்டி ஒன்றை இரண்டு துறவிகள் தண்டில் தோள்கொடுத்துச் சுமந்து வந்தார்கள். பாலத்தின் முன் இருக்கும் சிறு சன்னிதியில் பெட்டியை நிறுத்தினார்கள். அங்கிருக்கும் தெய்வத்தின் பெயர் அஜிமி ஜிசோ. ‘அஜி’ என்றால் ருசி, ‘மி’ என்றால் பார்த்தல். பெரியவருக்குப் போகும் முன் ருசி பார்ப்பவர். சுவையைப் ‘பார்ப்பது’ என்று சொல்லும் மொழிகளில் இன்னொன்றும் இருக்கிறது என்று பக்கத்தில் நின்ற பாட்டியிடம் என் ஜப்பானியத்தில் சொல்லிப் பார்த்தேன். அவர் கைகூப்பியபடியே தலையாட்டினார், புரிந்ததா என்று தெரியவில்லை. பாலத்துக்கு அப்பால் படம் எடுக்கக் கூடாது.

பையை எடுக்கக் கோயிலுக்குத் திரும்பியபோது, இளம் துறவி ஒருவர் வாசலில் என் காலணியைத் திருப்பி வைத்துக் காத்திருந்தார். ‘பார்த்துப் போங்கள்’ என்றார். நன்றி சொல்வதற்கான வாக்கியத்தை மரியாதைச் சொல்லோடு முந்தின இரவே தயார் செய்து வைத்திருந்தேன். குனிந்து வாரைக் கட்டி நிமிர்ந்தபோது வாயில் வந்தது ‘இத்தெகிமஸ்’. சொன்ன பிறகுதான் தவறு உறைத்தது, முகம் சூடேறியது. அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடையில் வைத்து, வீட்டிலிருந்து பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைக்குச் சொல்வதைப் போல, ‘இத்தெராஷ்ஷாய்’ என்றார்.